கத்தரியில் காய் பிடிக்க வைத்தது

கத்தரி நிறையப் பூத்தது, காய்தான் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே தேனீப் பெட்டி இருந்தும் பலனில்லை. பூவைப் பிரித்துப் பார்த்ததும் புரிந்தது: தேன் கிடையாது, மகரந்தப்பையின் நுனியில் ஊசிமுனை அளவுத் துளைதான் வழி. குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது. தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, பறக்கும் தசையை 'ர்ர்ர்' என்று அதிரவிடும். மஞ்சள் பொடி வயிற்றில் கொட்டும்.

சரி, அவற்றுக்கே இடம் கொடுத்தேன். வேலியோரம் காய்ந்த மரக்கட்டை, ஒரு மூலையில் கொத்தாத மண், தேனுக்குத் துளசிப்பூ. மருந்தடிப்பதை நிறுத்தினேன். அவை வரும்வரை காலையில் மின் பல்துலக்கியால் பூக்காம்பை அதிரவைத்தேன். அதிலேயே காய் பிடித்தது! அப்புறம் தேனீக்களே பார்த்துக்கொண்டன. சூல்தண்டு (பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் காம்பு) குட்டையான பூக்கள் மட்டும் இன்னும் பெரும்பாலும் உதிர்கின்றன. அது கத்தரியின் குணம்.