காவலில் ‘தற்கொலை’ என்கிறார்களா? குடும்பத்தார் உடனே செய்ய வேண்டியவை

காவல் நிலையத்திலோ சிறையிலோ இறந்தவர் தற்கொலை செய்துகொண்டார் என்று வீட்டுக்குத் தகவல் வந்தால், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது உண்மையா என்று விசாரிக்க வேண்டும். உண்மையாகவே இருந்தாலும், பூட்டி வைத்தவரின் உயிருக்கு அரசுதான் பொறுப்பு. அதனால் இரண்டு நிலையிலும் சட்டவழி உண்டு.

முதலில், ‘மரணத்தில் சந்தேகம் இல்லை’ என்ற வரி உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் எல்லா இடத்திலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள். அது சட்டப்பணிகள் ஆணையத்தின் எண். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, எனவே தாய் அல்லது மனைவி பெயரில் விண்ணப்பிப்பது எளிது.

அடுத்தது பிரேதப் பரிசோதனை. பெரும்பாலான வழக்குகள் பலவீனப்படுவது இங்கேதான். 2020 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சந்தோஷ் வழக்கில் தெளிவான விதிகளை வகுத்தது. பரிசோதனைக்கு முன்பே குடும்பத்தார் உடலைப் பார்த்துப் படம் எடுக்கலாம். முன்னும் பின்னும், உள்ளங்கால், மணிக்கட்டு, முதுகு எல்லாவற்றையும் எடுங்கள். தடயவியல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த இரண்டு மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும். முழு உடல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ பதிவு வேண்டும். மறு பரிசோதனைக்காக உயர்நீதிமன்றம் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால், உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பிணவறையில் வைத்திருக்க வேண்டும். உடலை வாங்க மாட்டோம் என்று வாசலில் உட்கார்வதைவிட இந்த ஒரு தாள் அதிகம் பேசும். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். சந்தேகம் தீராத வரை எரிக்காதீர்கள், புதையுங்கள்.

பலர் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையோடு விட்டுவிடுகிறார்கள். காவல் மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். இதைச் சொல்வது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 196-வது பிரிவு. உறவினர் அங்கே இருக்கலாம். உங்கள் வாக்குமூலத்தில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன காயம் இருந்தது, யார் மிரட்டினார்கள் என்பதை நேரத்தோடு சொல்லுங்கள்.

அதே நாளில் எஸ்பிக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, இவற்றை அழிக்காமல் வைக்கக் கோருங்கள்: சிசிடிவி பதிவு, கைதுக் குறிப்பு, பொது நாட்குறிப்பு, ரிமாண்டுக்கு முந்தைய மருத்துவச் சான்று, சிறையில் சேர்த்தபோது எழுதிய உடல்நலக் குறிப்பு, அன்றிரவு பணியில் இருந்தவர்களின் பட்டியல். தற்கொலைதான் என்றால் கடைசி இரண்டும் முக்கியம். ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருந்தாரா, மாத்திரை கொடுத்தார்களா, யார் ரோந்து சுற்றி வந்தார்கள் என்பதிலிருந்துதான் கவனக்குறைவு வெளிப்படும். காவல் நிலைய சிசிடிவி பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனாலும் கேட்காதவருக்காக யாரும் பத்திரப்படுத்த மாட்டார்கள்.

மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். தேசிய ஆணையம், மாநில ஆணையம் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மாநிலத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது.

இழப்பீட்டுக்குக் குற்றவழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசமைப்பின் 226-வது பிரிவில் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு (உரிமை மீறலுக்கு நேரடியாக நிவாரணம் கேட்கும் மனு) போடலாம். ஒடிசாவின் நிலாபதி பெஹரா, காவலில் இறந்த மகனுக்காக உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். அதையே மனுவாக ஏற்று, 1993-ல் 1,50,000 ரூபாய் வழங்கச் சொன்னது நீதிமன்றம். குற்றவழக்கு தனியாக நடக்கும். இந்தத் தொகையை வாங்கினால் அந்த வழக்கைக் கைவிட்டதாக ஆகாது.