பி.எட். கல்லூரியில் சேரும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதலில் உங்கள் பட்டத்தைப் பாருங்கள், கல்லூரி அப்புறம். பட்டப்படிப்பில் எது முதன்மைப் பாடமோ அதை ஒட்டித்தான் பி.எட்.டில் கற்பித்தல் பாடம் கிடைக்கும். பெயரில் 'பயன்பாட்டு', 'உயிரி' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டமாக இருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை உள்ளதா என்பதை உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் படிப்பை முடித்து, தேர்விலும் தேறி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் போய் மாட்டிக்கொள்வீர்கள். தொடக்கப்பள்ளி வேலைதான் குறி என்றால் பி.எட். வேண்டாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்வி பட்டயம்தான் வழி.

அடுத்தது அங்கீகாரம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணை, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவு ஆணை, இரண்டின் நகலையும் கேளுங்கள். ஆணையில் உள்ள கல்லூரியின் பெயரும் முகவரியும் நீங்கள் நிற்கும் இடத்தோடு பொருந்த வேண்டும். படிப்பின் பெயரையும் அனுமதித்த இடங்களையும் படித்துப் பாருங்கள். இடங்களை அலகுக் கணக்கில்தான் தருவார்கள். ஓர் அலகு என்பது 50 மாணவர். நூறு பேருக்கு அனுமதி என்றால் முதல்வரோடு சேர்த்து 16 ஆசிரியர்கள் வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறை. இணையதளத்தில் 16 பெயர் இருக்கும். வகுப்பில் நான்கு பேர் இருப்பார்கள். அதனால் வாரநாள் ஒன்றில் முன்னறிவிப்பு இல்லாமல் பதினொரு மணிக்குப் போய், கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தெந்த அறையில் பாடம் நடக்கிறது என்று பாருங்கள்.

ஆனாலும் ஒரு பி.எட். கல்லூரியின் யோக்கியதை கற்பித்தல் பயிற்சியில்தான் வெளிப்படும். இரண்டு ஆண்டுகளில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதலாண்டு 4, இரண்டாமாண்டு 16. பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். மற்ற வகுப்புகளுக்கு 80. எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள், மேற்பார்வைக்கு யார் வருகிறார், எத்தனை முறை வருகிறார் என்று கேளுங்கள். பதிலை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு வகுப்பையும் எப்படி நடத்துவது என்று இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எழுதி வைத்திருக்கும் பாடத்திட்ட ரெக்கார்டை வாங்கிப் புரட்டினால் கதை தெரிந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பேனாவில் 'நன்று', கீழே ஒரு கையெழுத்து என்றிருந்தால் அது ஒரே உட்காரலில் போட்டது. தேதிகளையும் பாருங்கள்: அரையாண்டு விடுமுறையில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியதாக எழுதியிருக்கும் ரெக்கார்டுகளும் உண்டு! ஒழுங்காக நடக்கும் இடத்தில் குறிப்பு வேறு மாதிரி இருக்கும்: 'கேள்வியை முன்வரிசையிடம் மட்டுமே கேட்டீர்', 'கரும்பலகை எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியவில்லை'. பாடத்தைப் பார்க்காத ஒருவரால் இப்படி எழுத முடியாது. நுண்நிலைக் கற்பித்தல் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஐந்தாறு நிமிடம் ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்து, சக மாணவர் முன் நடத்தி, குறை கேட்டுத் திருத்தி, மறுபடி நடத்துவது அது. மறுபடி நடத்தும் பகுதியைத்தான் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள்.

"வராவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் கல்லூரிக்கு அன்றே முழுக்குப் போடுங்கள். வருகைப் பிரச்சினை எழும் நாளில் அந்த வாக்கைத் தந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

நுழைவாயில் பேனரில் போடும் நூறு சதவீதத் தேர்ச்சியைப் பொருட்படுத்த வேண்டாம். ஆசிரியர் தகுதித் தேர்வில் சென்ற ஆண்டு மாணவர்கள் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதே கேட்க வேண்டிய கணக்கு. மழுப்பினால் அதுவே பதில்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். ரெக்கார்டு, பள்ளிப் பயிற்சி, செய்முறைத் தேர்வு, சீருடை என்று பின்னால் கேட்கப்படும் தொகைகளும் அதில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக அலமாரியில் விட்டுவிட்டால், பாதியில் விலக நினைக்கும்போது இரண்டாண்டுக் கட்டணத்தையும் கேட்பார்கள்.