நடுத்துண்டு யாருக்கு? குமரிக்கு வருகிறவர்கள் பழமொழியில் செய்யும் தவறுகள்

‘பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு’ என்ற பழமொழியை, போன இடத்திலெல்லாம் ஆதாயம் பார்க்கிற ஆளைக் குத்திக்காட்டவே பலர் பயன்படுத்துகிறார்கள். அது சொல்ல வந்தது வேறு. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரத்தில் கிள்ளித் தின்னாதே, வீட்டுக்காரரோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடு என்பதே அதன் பொருள். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுகிறவர்களிடமும் இதே பழமொழி உண்டு. அவர்கள் வாயில் அது சேரை, அதாவது சாரைப்பாம்பு.

இதைவிடப் பெரிய தவறு, பழமொழியில் வரும் ‘ஊர்’ என்பதை மாவட்டம் முழுவதும் என்று எடுத்துக்கொள்வது. ஓரிடத்தில் பழகிய வழக்கத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடுத்த இடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் தலையை மூடிக்கொள்வது மரியாதை. சுவாமிதோப்பில் அய்யா வைகுண்டரை வழிபடும் தலமான பதியில் ஆண்கள் மேலுடம்பில் சட்டை இல்லாமல், தலையில் துணியால் தலைப்பாகை கட்டிக்கொண்டு போகிறார்கள்.

சுவாமிதோப்பில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கோயிலில் தலைப்பாகையை அவிழ்ப்பதுதானே பணிவு என்று நினைத்து, தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலைப்பாகை கட்டவே கூடாது என்றிருந்த காலத்தில், கட்டிக்கொண்டு நிமிர்ந்து வாருங்கள் என்று சொன்னவர் வைகுண்டர். அந்தத் துணியைத் தலையில் சுற்றும்போது நீங்கள் ஒரு பெரிய மறுப்பில் கலந்துகொள்கிறீர்கள். காரணம் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

பழமொழியை அளவுக்கு மீறிப் பின்பற்றுவதும் தவறுதான். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள், தாராளமாக வரலாம். ஆனால் திருப்பலி வழிபாட்டில் எல்லோரும் வரிசையில் போகிறார்களே என்று நற்கருணை அப்பம் வாங்கப் போய் நிற்கக் கூடாது. அது கத்தோலிக்கர்களுக்கு உரியது. அந்த நேரத்தில் இருக்கையிலேயே அமைதியாக இருப்பதுதான் அந்த இடத்தோடு ஒத்துப்போவது. நடுத்துண்டு வீட்டுக்காரர் எடுத்து வைக்க வேண்டியது, விருந்தாளி எட்டிப் பறிக்க வேண்டியதல்ல.

என்னை அதிகம் வருத்தும் தவறு இன்னொன்று. ‘ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்’ என்பதை எடுத்து, புதிதாக வந்த மருமகளையும் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியையும் வாயடைக்க வைப்பது. நாடார் பெண்கள் தோளை மறைத்து உடுத்தக் கூடாது என்பதும் இங்கே ஒரு காலத்தில் ஊர் வழக்கம்தான். நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான், அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை திருவிதாங்கூரின் 1936 கோயில் நுழைவுப் பிரகடனத்தில்தான் கிடைத்தது. அன்று ஊரோடு ஒத்துப்போயிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்ற குறளையும் இதற்குச் சாட்சியாக இழுப்பவர்கள் உண்டு. அது ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள். உயர்ந்தோர் நடந்த வழியில் நடப்பது என்றுதான் பரிமேலழகர் அதற்கு உரை சொல்கிறார். கும்பல் செய்வதையெல்லாம் செய் என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை.

சாப்பாட்டு இலையில் வரும் தவறு சின்னது, ஆனால் அடிக்கடி நடப்பது. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள். டம்ளர் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். பழத்தையும் அப்பளத்தையும் அதில் போட்டுப் பிசைந்து, கையால் வழித்துச் சாப்பிடுங்கள். பாயசம் வந்துவிட்டது, பந்தி முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் சோறு வரும், மோர் வரும். பக்கத்து இலைக்காரர் என்ன செய்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும். சந்தேகம் வந்தால் பரிமாறுகிறவரிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.