வெள்ளி நாணயம் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை தெற்காவணி மூல வீதிக் கடைகளில் கிடைக்கும் மீனாட்சியம்மன் உருவம் பொறித்த வெள்ளிக் காசையும், ஒரு நாட்டின் நாணயச்சாலை வெளியிடும் வெள்ளி நாணயத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் புதிதாகச் சேர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. முன்னது பதக்கம், அதன் தரத்துக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு. பின்னதில் உள்ள சின்னமோ, எடைக்கும் தூய்மைக்கும் அந்நாட்டு அரசு தரும் உறுதி. அதற்காக, கனடாவின் மேப்பிள் இலை நாணயத்தில் உள்ள 5 டாலர் என்ற முகமதிப்பை விலையாகக் கொள்ளக் கூடாது. அதிலுள்ள வெள்ளி அதைவிடப் பல மடங்கு பெறும். மெக்சிகோவின் லிபர்டாட் நாணயத்தில் முகமதிப்பே கிடையாது.

எடையில் ஏமாறுபவர்களும் உண்டு. வெள்ளிக்குரிய டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தான். சீனாவின் பாண்டா நாணயமோ, ஒரு டிராய் அவுன்ஸாக இல்லாமல், 2016 முதல் 30 கிராமாகவே வருகிறது. என்னுடைய பாண்டாவைத் தராசில் வைத்த கடைக்காரர், "எடை குறையுதே சார்" என்று திருப்பித் தந்தார். நாணயத்திலேயே 30 கிராம் என்று பொறித்திருந்ததை அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

சின்னம் மாறியிருந்தால் போலி என்று ஒதுக்குவதும் தவறு. 1986 முதல் வரும் அமெரிக்க ஈகிள் நாணயத்தின் கழுகு 2021இல் புது வடிவம் பெற்றது. நம் நாட்டிலேயே, 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், மறு ஆண்டே அதைத் திருத்தினார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்'க்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. ஆனால் யானையா பன்றியா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கும் அளவுக்கு அது தேயாமல் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் தேய்மானம் வருவது நம் கையால்தான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் திருநீறு போட்டுத் தேய்ப்பதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை. மேப்பிள் இலை நாணயங்களில், உறையை விட்டு எடுக்காமலே இருந்தாலும், பால் தெறித்தாற்போல வெள்ளைத் திட்டுகள் வருவதுண்டு. அப்படி ஒரு திட்டைப் பார்த்த என் அத்தை, நல்லெண்ணத்தோடு திருநீறால் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார். திட்டு அப்படியே இருந்தது. இலையைச் சுற்றியிருந்த நுண்ணிய கதிர்க்கோடுகள்தான் மங்கிப்போயின. அதை வாங்கியவர் வெள்ளி விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரவில்லை.