இலையில ஓட்டைய பாத்தா நின்னு பாருங்க: புழு தேடுறவங்களுக்கு

நான் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சியோட புழு தேட ஆரம்பிச்ச புதுசுல கேமராவ தூக்கிட்டு கண்ணுல படுற புதர் எல்லாத்துலயும் தலைய விட்டு பாத்துட்டு இருப்பேன், அரை நாள் சுத்துனா ஒண்ணு ரெண்டு கம்பளிப்பூச்சி கிடைக்கும், அதுவும் என்ன வகைன்னு கடைசி வரைக்கும் தெரியாது. இப்போ அப்படி இல்ல, எருக்கு எங்க நிக்குது, அரளி எங்க நிக்குதுன்னு முதல்ல பாக்குறேன், அந்த செடிகிட்ட மட்டும் பத்து நிமிஷம் உக்காந்தாலே போதும். எல்லா செடியிலயும் இருக்கும்னு இல்லதான், ஆனா அரை நாள் அலையுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

காரணம் ரொம்ப சிம்பிள். பெரும்பாலான புழுக்கள் சாப்பாட்டு விஷயத்துல பயங்கர பிடிவாதம், சில செடி இல்லனா ஒரே குடும்பத்து செடிங்க மட்டும்தான் தின்னும், வேற இலைய போட்டா பட்டினி கிடந்து செத்துப்போகும். அதனால தாய் பூச்சி முட்டை போடறப்பவே சரியான செடியா பாத்து போட்டாகணும், காலால இலைய தட்டித் தட்டி ருசி பாக்கும், பட்டாம்பூச்சிக்கு கால்லயும் ருசி தெரியும். பூவுக்கு போகாம இலை இலையா தொட்டு தொட்டு தாழ்வா பறந்துட்டு, நடுவுல வயித்த வளைக்கிற பட்டாம்பூச்சிய பாத்தீங்கன்னா விடாதீங்க, பின்னாடியே போங்க, அது உக்காந்து போன இலைய திருப்பி பாத்தா முட்டை இருக்கும். ஒரு விஷயம், தேன் குடிக்கிற செடி வேற, புழு வளர்ற செடி வேற. உண்ணிப்பூல பத்து வகை பட்டாம்பூச்சி வந்து உக்காருதேன்னு அதுல புழு தேடுனா ஏமாந்துதான் போவீங்க (நான் போயிருக்கேன்).

அம்பது செடி பேரு மனப்பாடம் பண்ண வேண்டாம். எருக்கு, அரளி, எலுமிச்சை, ஆமணக்கு, ரணகள்ளி, இந்த அஞ்சு போதும் ஆரம்பிக்க. முத்தின இலைய விட கொழுந்து விடுற கிளைய பாருங்க, குட்டி புழு நிறைய அங்கதான் இருக்கும்.

செடிகிட்ட போனதும் புழுவ தேடாதீங்க, அது தின்ன தடயத்த தேடுங்க. இலை ஓரம் வளைவா கடிச்ச மாதிரி இருந்தா ஓரளவு வளர்ந்த புழு. இலையோட ஒரு பக்கத்த மட்டும் சுரண்டி கண்ணாடி மாதிரி விட்டிருந்தா அது இப்போதான் முட்டையில இருந்து வந்த பொடிசு. கடிச்ச இடம் பச்சையா ஈரமா இருந்தா ஆள் பக்கத்துலதான் இருக்கு, காய்ஞ்சு பழுப்பா இருந்தா கிளம்பி நாளாச்சு. அடுத்தது எச்சம், இத பாக்க நிறைய பேர் கூச்சப்படுவாங்க ஆனா இதவிட நல்ல க்ளூ கிடையாது. கீழ் இலையில, தரையில கருப்பு உருண்டை கிடக்கும், அதுக்கு நேர் மேல பாருங்க. வால்ல கொம்பு வச்ச ஹாக் மாத்ன்ற அந்துப்பூச்சி புழுவோட எச்சம் பெருசா, நீளவாக்குல பள்ளம் பள்ளமா குட்டி பீப்பா மாதிரி இருக்கும், அத பாத்தா விரல் நீள புழு மேல இருக்குன்னு அர்த்தம், ஆனாலும் கண்ணுக்கு தெரியாது, அவ்வளவு பச்சை. எச்சமே இல்லையேன்னு உடனே விட்டுடவும் கூடாது, ஸ்கிப்பர்ன்ற பட்டாம்பூச்சி வகையில சில புழு எச்சத்த ஒரு மீட்டருக்கு மேல தள்ளி பீய்ச்சி அடிக்கும், வாசனை பிடிச்சு புழு பிடிக்கிற குளவி அதோட வீட்டுக்கு வந்துடக்கூடாதுல்ல. அதுங்க இலைய சுருட்டி, நூலால தைச்சு உள்ள இருக்கும், சுருட்டுன இலைய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, பிரிச்சு வீட்ட உடைக்க வேண்டாம். ரணகள்ளியில இன்னும் மோசம், ரெட் பியரோட்டுன்ற சின்ன பட்டாம்பூச்சியோட புழு தடிச்ச இலைக்கு உள்ளயே போய் தின்னும், வெளிய பாத்தா தோல் மட்டும் வெளுத்து உப்புன மாதிரி இருக்கும்.

அவரை, பயறு மாதிரி செடியோட மொட்டுல எறும்பு ஒரே இடத்துல நகராம சுத்திட்டு இருந்தா அங்க அசுவினி (சாறு உறிஞ்சுற பொடி பூச்சி) இருக்கான்னு பாருங்க, இல்லனா நீலன் வகை பட்டாம்பூச்சியோட புழுவா இருக்கலாம். தட்டையா நத்தை மாதிரி இருக்கும், முதுகுல இனிப்பா ஒரு சாறு சுரக்கும், அதுக்காகத்தான் எறும்பு காவல் நிக்குது.

ராத்திரி தேடறது தனி சுகம். பகல்ல அடியில ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளிய வந்து திங்கும். சாதா டார்ச்ச சாய்வா அடிச்சா போதும், யூவி (புற ஊதா) டார்ச் இருந்தா இன்னும் நல்லது, நிறைய புழு அதுல பச்சையா ஒளிரும், இலை மங்கலா தெரியும். எல்லாமே ஒளிராது, அதையும் சொல்லிடறேன். கண்ணுல மட்டும் அந்த வெளிச்சத்த அடிச்சுக்காதீங்க.

சரி, கிடைச்சுது. முதல்ல அது நிஜமாவே பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி புழுதானான்னு காலை எண்ணுங்க. தலைகிட்ட மூணு ஜோடி நிஜ கால், அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு வயித்துக்கு கீழ சதைப்பிடிப்பான போலிக்கால், வால் நுனியில இருக்கறதையும் சேத்து அதிகபட்சம் அஞ்சு ஜோடி. ஆறோ அதுக்கு மேலயோ இருந்தா அது ரம்பக்குளவியோட புழு, முள்ளங்கி, கடுகு இலையில கருப்பா இருக்கறத பாத்து நிறைய பேர் ஏமாறுவாங்க. போலிக்கால் ரெண்டே ஜோடின்னா உடம்ப வில்லா வளைச்சு அளந்து அளந்து நடக்கும், அது லூப்பர் வகை அந்துப்பூச்சி.

அதுக்கப்புறம் செடிதான் பாதி பதிலை சொல்லிடும், மீதிக்கு கொம்பு, முள்ளு, முடி பாக்கணும். எருக்குல கருப்பு வெள்ளை மஞ்சள் பட்டை போட்ட புழு, முதுகுல கருப்பா நீட்டிட்டு இருக்கற சதை கொம்பு மூணு ஜோடின்னா வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. நாலு ஜோடின்னா வெண்புள்ளிக் கருப்பன் பட்டாம்பூச்சி, இது அரளியிலயும் வரும். அதே அரளியில பச்சையா தடியா, தலைக்கு பின்னாடி ரெண்டு நீல கண்ணு மாதிரி புள்ளி, வால்ல ஒரு கொம்புன்னா அது ஓலியாண்டர் ஹாக் மாத், நந்தியாவட்டையிலயும் பாக்கலாம். ஆமணக்குல கிளை கிளையா முள்ளு இருந்தா காமன் காஸ்டர்னு சொல்ற பட்டாம்பூச்சி, முள்ளே இல்லாம வழவழன்னு அரைகுறையா வளைஞ்சு நடந்தா அந்துப்பூச்சி.

எலுமிச்சைல தான் கொஞ்சம் கஷ்டம். சின்னதுல பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமா இருக்கும், கடைசி தடவை தோல் உரிச்சதும் பளிச்சுன்னு பச்சையாகிடும், நான் ரொம்ப நாள் இத ரெண்டு வேற வேற புழுன்னே நெனச்சிட்டு இருந்தேன். லேசா தொட்டா தலைக்கு பின்னாடி இருந்து கவை மாதிரி ஒண்ண வெளிய நீட்டி நாத்தம் விடும், அது அழகின்ற பட்டாம்பூச்சி குடும்பத்துக்கே உள்ள அடையாளம். எலுமிச்சை அழகியா கறிவேப்பிலை அழகியான்னு சின்ன புழுவ வச்சு அடிச்சு சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன்.

தொடறத பத்தி: அடர்த்தியா முடி இருக்கறதையும், நத்தை மாதிரி வழுக்கிட்டு போற முள்ளு புழுவையும் கையால தொடவே கூடாது. பட்டுடுச்சுன்னா தேய்க்காம செலோடேப் ஒட்டி பிச்சு எடுங்க, சோப்பு போட்டு கழுவுங்க, கண்ணுல பட்டா டாக்டர்கிட்ட போயிடுங்க. புழுவ இழுத்து எடுக்காம இலையோட சேத்து கிள்ளி எடுங்க, அதுதான் அதுக்கும் நல்லது.

போட்டோ எடுக்கறப்ப முதுக மட்டும் எடுத்துட்டு வந்து இது என்னன்னு கேக்காதீங்க ப்ளீஸ். மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல கால் தெரியற மாதிரி ஒண்ணு, முகம் ஒண்ணு, அப்புறம் முக்கியமா செடியோட இலையும் பூவும். ஐநேச்சுரலிஸ்ட்னு படம் போட்டா என்ன உயிரினம்னு சொல்ல உதவுற ஆப்ல போடறப்பவும் செடி படம் இருந்தா பதில் சீக்கிரம் வரும்.

அப்படியும் தெரியலன்னா வளத்து பாக்கறதுதான் வழி. காத்து போற டப்பா, தினமும் அதே செடியோட புது இலை, எச்சத்த கிளீன் பண்ணணும், அடியில கொஞ்சம் மண்ணு போடுங்க ஏன்னா ஹாக் மாத் மாதிரி சிலது மண்ணுலதான் கூட்டுப்புழு ஆகும். ஒரு நாள் காலையில புழு மேல அரிசி மாதிரி வெள்ளையா கும்பலா ஒட்டிட்டு இருந்தா அத முட்டைன்னு நெனச்சு சந்தோஷப்படாதீங்க, புழு முட்டை போடாது. அது குட்டி குளவியோட கூடு, உள்ளயே தின்னு வளர்ந்து இப்போதான் வெளிய வந்திருக்கு, புழு இனி தேறாது. டப்பாவ மூடாம செடிகிட்டயே வச்சிடுங்க, குளவி அதுபாட்டுக்கு பறந்து போகட்டும்.