ஃபூ குவோக் தீவில் 'யா' என்றால் 'சரி' இல்லை

போன பயணத்தில் ஒரு சாயங்காலம். வியட்நாமின் ஃபூ குவோக் தீவில், யூங் டோங் ஊரில் ஓட்டல் வரவேற்பு மேசை முன்னால் எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி நிற்கிறான். குழுவில் ஆறு பேர் சைவம். "யூ டோன்ட் ஹேவ் வெஜ் பிரேக்ஃபாஸ்ட்?" என்று கேட்டான். மேசையில் இருந்த பெண் சிரித்த முகமாக "யெஸ்" என்றாள். அவன் எங்கள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான். மறுநாள் காலையில் அந்த ஆறு பேரும் வெறும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. "இல்லையா?" என்று கேட்டான், "ஆமாம், இல்லை" என்று பதில் சொன்னாள். நாமும் தமிழில் அப்படித்தானே பேசுகிறோம்? ஆங்கிலம் வாயில் வந்ததும் அது மறந்துபோகிறது.

தம்பியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இதே தவறை இதைவிடப் பெரிதாகச் செய்தவன் நான். சுற்றுலாக் குழுக்களை இந்தத் தீவுக்கு அழைத்துப்போவதுதான் என் தொழில். புதிதாக வருகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கோயிலில் செருப்பைக் கழற்றுவது, தோளையும் முழங்காலையும் மூடுவது போன்றவற்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

'யா'வைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

ஃபூ குவோக் வியட்நாமின் மிகப் பெரிய தீவு. தாய்லாந்து வளைகுடாவில், கம்போடியக் கரையை ஒட்டிக் கிடக்கிறது. பேச்சு தென் வியட்நாம் பேச்சு. பெரியவர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பதில் சொல்லும்போது முதலில் ஒரு மரியாதைச் சொல்லைப் போடுவார்கள். ஹனோயில் அது 'ஸா' மாதிரி கேட்கும். தெற்கே அதே சொல் 'யா'. ஆங்கிலம் பழகிய காதுக்கு அது அப்படியே 'யெஸ்'ஸின் கொச்சை வடிவமாக விழுகிறது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

என் முதல் குழுவில் பதினான்கு பேர். செப்டம்பர் மாதம், தென்மேற்குக் காற்று இன்னும் ஓயவில்லை. தீவின் தெற்கு முனையில் இருக்கும் அன் தோய் துறையிலிருந்து பக்கத்துச் சின்னத் தீவுகளுக்குப் படகில் போய்ப் பவளப்பாறை பார்ப்பதாக ஏற்பாடு. முந்தைய நாள் சாயங்காலம் படகுக்காரர் வீட்டுக்கே போனேன். "நாளைக்கு எட்டு மணிக்குப் படகு போகும், பிரச்சினை இல்லையே?" என்று ஆங்கிலத்திலும் கைஜாடையிலுமாகக் கேட்டேன். அவர் கடல் பக்கம் பார்த்தார், சிரித்தார். "யா... யோ லோங்" என்றார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் "யா", பிறகு அதே இரண்டு சொல். மூன்றாம் முறையும் அதேதான். மூன்று 'யா' கிடைத்த நிம்மதியில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

'யோ லோங்' என்றால் காற்று பெரிது. மூன்று தரம் சொல்லியிருக்கிறார். நான் 'யா'வோடு காதை மூடிக்கொண்டேன்.

காலையில் துண்டும் தொப்பியுமாகப் பதினான்கு பேர் துறையில் நிற்கிறோம். படகு கட்டியபடியே கிடக்கிறது. சின்னப் படகுகள் கடலுக்குப் போகத் துறையில் அனுமதி இல்லை. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் மனைவியும், வேலை செய்கிற இரண்டு பையன்களும் பார்த்துக்கொண்டிருக்க, கத்தித் தீர்த்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் இன்னும் கத்தினேன். அவர் உள்ளே போய், முன்பணத்தை ஒரு நோட்டுக் குறையாமல் எண்ணி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் ஒற்றைக் கையால் பிடுங்கிக்கொண்டேன்.

வேன் வாடகை போனது. எதிர்த்தீவில் சொல்லி வைத்திருந்த மதியச் சாப்பாட்டுக் காசு போனது. அதெல்லாம் ஒரு நாள் கணக்கு. அந்த மனிதர் அதற்குப் பிறகு எனக்குப் படகு தரவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நான்கு பேர் எதிரில் ஒருவரைப் பார்த்துக் கத்தினால் அங்கே அவர் மானத்தைப் பறித்த மாதிரி. சங்கடமான நேரத்தில் சிரிப்பது அவர்கள் வழக்கம், நிலைமை முற்றாமல் இருக்கத்தான் சிரிக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு சீசனும் வேறொருவர் படகுக்குக் கூடுதலாகக் கொடுத்தேன்.

விஷயத்தை எனக்கு விளங்கவைத்தது ஓட்டலில் துணி துவைக்கும் ஓர் அக்கா. நான் வீட்டோடு போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், வைத்ததும் "ம்... ம்..." என்று என்னைப் போலவே செய்து காட்டி, "எங்கள் யா" என்றார். அவ்வளவுதான். 'ம், சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.' நாம் போனில் 'ம்' கொட்டினால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதாக ஆகுமா?

பதில் 'யா'வுக்குப் பிறகுதான் வரும். அதற்குக் காத்திருங்கள். 'யா கோ' என்றால் இருக்கிறது. 'யா டுவக்' என்றால் முடியும். 'யா கொம்' என்றால் மரியாதையான 'இல்லை': முதல் எழுத்து 'அகம்' என்பதன் நடுவில் வரும் 'க' மாதிரி தொண்டையை உரசும், கடைசியில் உதடு மூடிக்கொள்ளும். 'யா'வோடு நின்று, சிரிப்பு மட்டும் நீண்டால், பெரும்பாலும் நடக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். 'இல்லையே?', 'ஆகாதே?', 'பிரச்சினை வராதே?' இந்த மூன்றையும் மறந்துவிடுங்கள். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வியே வேண்டாம். "படகு எத்தனை மணிக்கு?" "நாளைக்குக் காற்று எப்படி?" "எத்தனை பேர் ஏறலாம்?" என்று கேளுங்கள். எண்ணாக வரும் பதிலைக் காகிதத்தில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கைபேசி மொழிபெயர்ப்பிலும் இதே விதிதான்: சின்ன வாக்கியம், எதிர்மறை கூடாது. அன்றைக்கு "காற்று எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதினான்கு பேரையும் மிளகுத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருப்பேன்.

எல்லாரையும் 'யூ' என்பது

அவர்கள் உங்கள் வயதைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வியட்நாமிய மொழியில் பொதுவான 'நீ', 'நீங்கள்' என்று ஒன்று புழக்கத்தில் அநேகமாக இல்லை. உறவுமுறை வைத்துத்தான் பேச முடியும். பழக்கடையில் அக்கா, ஆட்டோவில் அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது கைவந்த விஷயம். அண்ணன் 'அன்', அக்கா 'சி', தம்பியும் தங்கையும் 'எம்', சித்தப்பா 'சூ'. பெரியவர்களிடம் பேசும்போது உங்களையே 'கோன்' என்று சொல்லிக்கொள்ளலாம். பிள்ளை என்று பொருள். கூப்பிட வேண்டுமானால் பின்னால் 'ஓய்' சேர்க்க வேண்டும்: 'எம் ஓய்', 'சூ ஓய்'. நம் ஊர் 'ஓய்' மாதிரி அதட்டல் இல்லை, 'தம்பீ...' என்று இழுப்பது போல மெதுவாக வரவேண்டும். விரலைச் சொடுக்குவதும், உள்ளங்கையை மேலே வைத்து விரலால் அழைப்பதும் கூடாது. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கட்டும்.

ஹாம் நின் மீனவர் கிராமத்தில் நண்டு விற்கும் ஓர் அம்மாவை எங்கள் குழுவில் ஒருவர் 'எம் ஓய்' என்று கூப்பிட்டுவிட்டார். அறுபது வயது இருக்கும். அவர் திரும்பவே இல்லை.

'நோ மீட்' என்று சொல்லி நிறுத்துவது

இறைச்சி வேண்டாம் என்றால் இறைச்சி வராது. இறால் வரும், மீன் வரும். எதுவும் மிதக்காத சூப்பிலும் நூக் மாம் என்கிற மீன்சாறு இருக்கும். சமையல்காரர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது உப்பு மாதிரி.

சொல்ல வேண்டியது 'அன் சய்'. புத்த மரபுப்படி சைவம் சாப்பிடுவது என்று பொருள். மீன்சாறும் அதில் சேராது. கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் வெங்காயம், பூண்டையும் விலக்குவார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் உள்ளூர்க்காரர்கள் பலர் 'சய்' இருப்பார்கள். நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கேதான். அந்த நாட்களில் பயணம் அமைந்தால் சைவக்காரர்கள் பாடு கொண்டாட்டம்.

போணிக்கு முன் பேரம்

காலையில் முதல் வியாபாரம் அன்றைய நாளையே தீர்மானிக்கும் என்ற நம்பிக்கை அங்கேயும் உண்டு. 'மோ ஹாங்' என்பார்கள். கடை திறந்ததும் போய், பத்துப் பொருளைப் புரட்டி, பாதி விலைக்குக் கேட்டு, வாங்காமல் நடந்தால் பீடை விலகக் காகிதத்தைக் கொளுத்திப் போடுகிற கடைக்காரர்களும் உண்டு. வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் காலையில் போங்கள். சும்மா பார்க்க ராத்திரிச் சந்தை இருக்கிறது.

நீல நோட்டு

வியட்நாம் பணத்துக்கு டாங் என்று பெயர். 20,000 டாங்கும் நீலம், 5,00,000 டாங்கும் நீலம். சுழியை எண்ணிவிட்டுக் கொடுங்கள். வாயால் விலை சொல்லும்போது ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். ஐம்பது என்றால் 50,000.

மீன்சாறு ஆலையில் மூக்கைப் பொத்துவது

நெத்திலியையும் உப்பையும் ஆளுயர மரத்தொட்டியில் அடைத்து, ஏறக்குறைய ஒரு வருஷம் ஊறவைத்து இறக்குகிறார்கள். ஃபூ குவோக் என்ற பெயரோடு வரும் மீன்சாற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல், நம் ஊர் புவிசார் குறியீடு மாதிரி, பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. தலைமுறையாக இதைச் செய்கிற குடும்பத்தின் முன்னால் கைக்குட்டையை மூக்கில் வைப்பது அவர்கள் சோற்றைப் பழிப்பதற்குச் சமம். வாசனை தாங்காதவர்கள் வெளியிலேயே நின்றுவிடலாம். உள்ளே போனால், கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கும் சொட்டை இரண்டு கையாலும் வாங்கி நாக்கில் வையுங்கள். சைவர்கள் கையை நெஞ்சில் வைத்து 'அன் சய்' என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

சோற்றில் சாப்பாட்டுக் குச்சியைக் குத்தி நிறுத்துவது

செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி நிற்பது போல இருக்கும். படுக்க வையுங்கள்.

சிறைச்சாலையில் செல்ஃபி

வேண்டாம். அன் தோய் அருகில் இருக்கும் அந்தச் சிறை முகாமில் வியட்நாம் போர்க் காலத்தில் பல்லாயிரம் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். 1973-இல் பாரிஸ் அமைதி உடன்பாட்டுக்குப் பிறகுதான் விடுவிக்கப்பட்டார்கள். சித்திரவதையைக் காட்டும் பொம்மைகளின் தோளில் கைபோட்டு நம் ஆட்கள் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பேரனோடு நின்றிருந்த ஒரு முதியவர், ஒன்றும் சொல்லாமல் பையனின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.