ஜெயில்ல இருந்து வர்றவங்களுக்கு உதவப் போறீங்களா? வேலை தேடறதுக்கு முன்னாடி வாரண்ட் இருக்கான்னு பாருங்க

போன வாரம் எங்ககூட இந்த வேலைக்குப் புதுசா சேர்ந்த ரெண்டு பசங்க ஒருத்தர ஜெயில் வாசல்ல இருந்து கூட்டிட்டு நேரா பட்டறைக்குப் போய் வேலைக்குச் சேர்த்துட்டு வந்து சந்தோஷமா சொன்னாங்க. "வேற கேஸ் பாக்கி இருக்கான்னு கேட்டீங்களா"ன்னேன், ரெண்டு பேரும் முழிச்சாங்க. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்சதும் இதேதான். அன்பா பேசுங்க, பழச கிளறாதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். புதுசா வர்றவங்க பண்ற தப்புகள மட்டும் சொல்றேன்.

வேற கேஸ் இருக்கான்னு பாக்காம விடறது

நான் கூட்டிட்டு வந்தவர் திருட்டு கேஸ்ல மூணு வருஷம் முடிச்சவர், வெல்டிங் நல்லா தெரியும், ஒரு ஓனர்கிட்ட கெஞ்சி சேர்த்துவிட்டேன். பத்தொன்பதாவது நாள் பட்டறையில வச்சே, எல்லாரும் பாக்க, போலீஸ் கூட்டிட்டுப் போயிருச்சு. புதுசா எதுவும் பண்ணல. பக்கத்து மாவட்டத்துல பழைய அடிதடி கேஸ் ஒண்ணு, இவர் உள்ள இருந்தப்ப அங்க வாய்தா வந்திருக்கு, பி.டி. வாரண்ட் (ஜெயில்ல இருக்கிறவர கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்ற உத்தரவு) போட்டு யாரும் ஆஜர்படுத்தல, ஆள் வரலன்னு அந்தக் கோர்ட் அவர கைது பண்ணச் சொல்லி பிடிவாரண்ட் போட்டுருச்சு. "நான் ஜெயில்லதானண்ணே இருந்தேன், அது கவர்மெண்டுக்குத் தெரியாதா"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா ஒரு கேஸ்ல ஆள் உள்ள இருக்கிறது இன்னொரு கோர்ட்டுக்குத் தானா தெரியாது, யாராவது போய்ச் சொல்லணும். நான் சொல்லியிருக்கணும். அந்த ஓனர் அதுக்கப்புறம் நம்மாளுங்க யாரையும் சேர்த்துக்கல, இன்னைக்கும் அந்த ரோட்ல போனா மனசு ஆறாது.

பிடிவாரண்டுக்குக் காலாவதி கிடையாது. போட்ட கோர்ட் ரத்து பண்ற வரைக்கும், இல்ல ஆள பிடிக்கிற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (சிஆர்பிசி) 70வது பிரிவு, 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 72வது பிரிவு, ரெண்டுலயும் இதுதான்.

அதனால ஜெயிலுக்கு மனு போட்டு ஆள பாக்கப் போறப்பவே கேளுங்க. "வேற கேஸ் இருக்கா"ன்னா இல்லம்பாங்க, பொய் இல்ல, முடிஞ்சிருச்சுன்னு நினைச்சிருப்பாங்க. எந்தெந்த ஸ்டேஷனுக்குப் போயிருக்கீங்கன்னு கேளுங்க. கோர்ட் கேஸ் விவரம் பாக்கற இ-கோர்ட்ஸ் சைட்ல பேர் மட்டும் வச்சுத் தேடினா ஸ்பெல்லிங் மாறித் தப்பிரும், ஸ்டேஷன், எஃப்ஐஆர் நம்பர், வருஷம் வச்சும் தேடுங்க. வாரண்ட் இருந்தா வக்கீலோட தானா போய் ஆஜராகி வாரண்ட ரத்து பண்ணக் கேட்டு ரீகால் பெட்டிஷன் போடணும், அந்தத் தேதியில உள்ள இருந்தார்னு ஜெயில்ல எழுதி வாங்கிச் சேர்க்கணும். உள்ள இருக்கிறவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்துலயே இருக்கு, வெளிய வர்றதுக்கு முன்னாடியே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு குடுத்துடுங்க, போன் 15100. வெள்ளிக்கிழமை மட்டும் ஆஜராகப் போகாதீங்க, ரிமாண்ட் பண்ணிட்டா ஜாமீன் மனு எடுக்கவே திங்கக்கிழமை ஆயிரும்.

ஓனர்கிட்ட மறைக்கிறது

மறைக்காதீங்க. ஜெயில்ல இருந்து வந்தவர்கிட்ட கேட்டுட்டு, அவரும் கூட இருக்கப்பவே ஓனர்கிட்ட சொல்லுங்க.

கண்டிஷன் கையெழுத்த மறக்கறது

ஜாமீன்ல வந்தவர்னா, ஸ்டேஷன்லயோ கோர்ட்லயோ போய்ப் போடச் சொன்ன கையெழுத்து நேரம் போக மீதி நேரத்துக்குத்தான் வேலை.

மேடையில ஏத்தி கதை சொல்ல வைக்கிறது

வேணாம்.

நேரா ஊருக்கு அனுப்பறது

கொலை கேஸ்னா எதிர் பார்ட்டி அதே தெருவுல இருப்பாங்க. கொஞ்ச நாள் அக்கா, மச்சான் வீட்ல வைங்க, ஊர்ல ஒரு பெரியவர்கிட்ட பேசிட்டு அப்புறம் நீங்களே கூட்டிட்டுப் போங்க.

அந்தப் பசங்க சேர்த்துவிட்டவர்கிட்ட நேத்து போய்க் கேட்டோம். ரெண்டு ஸ்டேஷன் பேர் சொன்னார். நாளைக்கு உக்காந்து தேடறோம்.